நோட்டுப் புத்தகமே ஈடு

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. சேர்ந்த பெண்களில் பெரும்பாலோருக்கு வங்கியில் ஈடு காட்ட ஒன்றுமில்லை. நிலமிருந்தாலும் பட்டா ஆண் பெயரில். காதில் கழுத்தில் கிடந்ததும் அடிக்கடி அடகுக்கடைக்குப் போய்வந்தது. அவர்களுக்குக் கடன் கிடைக்காமல் இல்லை. நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற மாத வட்டிக்குத்தான் கிடைத்தது.

குழு முதலில் கடன் தரவில்லை, சேமிக்கச் சொன்னது. பன்னிரண்டு முதல் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து சந்தாவை நடுவில் வைப்பார்கள். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் எல்லோர் கண் முன்னாலும் எண்ணுவார். பிறகு, சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினருக்கே தரும் உள்கடன் பற்றிய பேச்சு. ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிச் செலவு, இன்னொருத்திக்கு ஆடு வாங்க வேண்டும். யாருக்கு அவசரம் என்று அவர்களே தீர்மானிப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ. நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கினாலும் அது குழுவின் பொதுப் பணத்திலேயே சேர்ந்தது.

1992இல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, உள்கடன் திரும்பி வருகிறதா என்று பேரேட்டைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுத்தது. பத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது. 1997-98இல் வந்த தமிழக அரசின் மகளிர் திட்டம் இந்தக் குழு முறையைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது.

இந்த வரலாற்றில் கடன் தொகையைத்தான் விழா மேடைகளில் பேசுகிறோம். ஆனால் பெண்களைத் தலைநிமிர வைத்தது கணக்கு என்பது என் உறுதியான எண்ணம். 12,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வாங்கி, அசலை மாதம் ஆயிரமாகப் பன்னிரண்டு தவணையில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 1,440 ரூபாய். குறையும் அசலுக்கு மட்டும் போட்டால் 780 ரூபாய். சதவீதம் ஒன்றுதான், வித்தியாசம் 660 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது சில நாள் உழைப்பு. பேரேட்டில் நிலுவை மாதாமாதம் குறைவதைப் பார்த்துப் பழகியவர், "மிச்ச அசலுக்குத்தானே வட்டி?" என்று கேட்பார்.

இன்று வீட்டு வாசலுக்கே வந்து கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகத்தான் உட்கார வைக்கின்றன. ஆனால் சொந்தச் சேமிப்பும் உள்கடனும் தீர்மானப் புத்தகமும் அந்தக் குழுவுக்குக் கிடையாது. ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டிய நெருக்கடி மட்டும் உண்டு. நுண்கடன் தவணைகள் உட்படக் குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. வாங்குகிறவருக்கே இந்த வரம்பு தெரிய வேண்டாமா?

சுயஉதவிக் குழுக்களிலும் ஒரு குறை உண்டு. படித்த ஒருவரே ஆண்டுக்கணக்கில் கணக்கெழுத, மற்றவர்கள் அவரை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எழுதும் பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எழுதத் தெரியாதவர் தன் நிலுவையை வாயால் சொல்லட்டும். பேரேட்டோடு ஒத்துப்போன பிறகே அன்றைய கூட்டம் கலைய வேண்டும்.