கல்கி வகுத்த நெறியும் பின்வந்தோர் கதைகளும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்திக்கு (1899–1954) வாய்த்த வாசகர் அன்பு தமிழ் நாவலாசிரியருள் மிகச் சிலர்க்கே வாய்த்தது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இன்றும் புதுப் பதிப்புகள் கண்ட வண்ணம் இருக்கிறது. 1999-இல் அவருடைய நூல்கள் நாட்டுடைமையாயின. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அக்கதை திரைக்கு வந்ததும் இளைய தலைமுறையும் நாவலைத் தேடிப் படித்தது. நம் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல.

அன்பு பெருகும் இடத்தில் அடியொற்றி எழுதுவோரும் பெருகுவது இயல்பே. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைப் பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவே எழுதினார். அதன் பின்னும் தொடர்ச்சிகள் பல வந்தன, சோழர், பாண்டியர், பல்லவர் பெயரால் தனிக் கதைகளும் வந்தன, இன்னும் வருகின்றன. அவற்றுள் பலவற்றை ஆவலோடு எடுத்து ஏமாற்றத்தோடு மூடி வைக்கிறோம். குதிரை வருகிறது, சுரங்கப்பாதை திறக்கிறது, சதிகாரர் நள்ளிரவில் கூடுகின்றனர், இளவரசியின் கடைக்கண்ணுக்கு ஓர் அத்தியாயம் செலவாகிறது. அனைத்தும் இருந்தும் சரித்திரம் மட்டும் இல்லை.

கல்கியின் வெற்றிக்குக் காரணம் அலங்கார நடை மட்டுமன்று. நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆராய்ச்சிகளை அவர் கற்றார். ஓவியர் மணியத்துடன் இலங்கை சென்று இடங்களை நேரில் கண்டார். ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்வோம். அக்கொலையில் தொடர்புடைய சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்போரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. கொலைக்கான காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. கல்கியும் யார் கை கொன்றது என்பதை இருளிலேயே விட்டார். சான்று பேசும் இடத்தில் கேட்டு, அது மௌனம் சாதிக்கும் இடத்தில் அடங்கிய அந்த நிதானமே அவருடைய நெறி. பின்வந்தோர் பலர் அவருடைய ஆடையை எடுத்துக்கொண்டனர், நெறியை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் குறை இலக்கியக் குறையோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு வருந்தவேண்டியதில்லை. இவ்வகைக் கதைகள் பலவற்றில் முஸ்லிம் எனப்படுபவன் தீவட்டியும் உருவிய வாளுமாய் வந்து, கோட்டையைக் கொளுத்திவிட்டு மறைகிறான். பொன்னியின் செல்வனில் வரும் அராபியக் கப்பலோட்டிகளையும் கல்கி கனிவோடு தீட்டினார் என்று சொல்வதற்கில்லை. 1311-இல் மாலிக்காபூர் மதுரை வரை படையெடுத்து வந்தது உண்மை; அதை நாம் மறைக்க முயலவேண்டாம். ஆனால் அப்படையை எதிர்கொண்ட பாண்டியன் பக்கத்திலும் முஸ்லிம்கள் இருந்தனர் என்று தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ருவே எழுதியிருக்கிறார். அதற்குச் சற்று முன்னர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகத் திகழ்ந்து காயல் துறைமுகத்தை நிர்வகித்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கிறார். இவர்களுக்கு அக்கதைகளில் இடமில்லை.

தொலைவில் தேடவும் வேண்டியதில்லை. புளியங்குடி மக்களுக்கு வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் அக்கம்பக்கத்து ஊர்கள். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்துக் கும்பினிப் படையை எதிர்த்து நின்ற மண் இது. அவரை ஒடுக்க வந்த தளபதி யூசுப்கான் என்னும் கான்சாகிபு. 1759-இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கி அவர் தோற்றார். 1761-இல் அக்கோட்டைகளைக் கைப்பற்றினார்.

இவ்வளவோடு நிறுத்தினால், பின்வந்தோர் விரும்பும் கதை கிடைத்துவிடும்: இப்பக்கம் மறவர், அப்பக்கம் முஸ்லிம். ஆனால் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. நபிகான் கட்டாக், மியானா, முடேமியா என்னும் பட்டாணியத் தலைவர்கள் பூலித்தேவரோடு சேர்ந்து நின்றனர். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியின் தமையன் மாபூஸ்கான் 1755-இல் கர்னல் ஹெரானுடன் இச்சீமைக்கு வந்தவர். பிற்பாடு அவரே பூலித்தேவரின் அணியில் சேர்ந்தார். கான்சாகிபுவோ, தாம் யாருக்காக இக்கோட்டைகளைப் பிடித்தாரோ அந்த நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கினார். உடனிருந்தோரால் பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

ஒரே மண்ணில், பத்தாண்டுகளுக்குள், இத்தனை திருப்பங்கள்! எந்தக் கற்பனைச் சுரங்கப்பாதை இதற்கு ஈடாகும்? ஆர்ம், கால்டுவெல், ஹில் ஆகியோரின் நூல்களில் இச்செய்திகள் கிடக்கின்றன. கான்சாகிபு சண்டையைப் பாடும் நாட்டுக் கதைப்பாடலும் உண்டு. எடுத்தாளத்தான் ஆளில்லை.

ஆகவே சரித்திரக் கதை படிக்கும் நம் பிள்ளைகளைத் தடுக்கவேண்டாம். கேள்வி கேட்கப் பழக்குவோம். ‘இந்த ஆசிரியர் எந்தக் கல்வெட்டைப் படித்தார்? எந்த ஊரைப் போய்ப் பார்த்தார்? தமக்குத் தெரியாத இடத்தில் பேனாவை நிறுத்தினாரா?’ கல்கியை நேசிப்போர் அவர் பெயரால் எழுதுவோரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே. இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய ஒருவர், பூலித்தேவரையும் கான்சாகிபுவையும் ஒரே கதையில் இருவருக்கும் நீதி வழுவாது நிறுத்தும் நாளில், கல்கியின் உண்மையான வாரிசை நாம் கண்டவர்களாவோம்.