இரண்டு பெஞ்சமின்களும் ஒரு கணப்பும்

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே, சுவரில் பதித்த கணப்பில் விறகு எரியும். எதிரே கம்பளத்தில் கதாநாயகனும் நாயகியும். ‘ஆஹா, என்ன கதகதப்பு!’ என்று நமக்குப் பொறாமையாக இருக்கும். நிஜத்தில் முகம் வெந்துகொண்டிருக்கும், முதுகு விறைத்துக்கொண்டிருக்கும்!

காரணம் ரொம்ப சிம்பிள். திறந்த கணப்பு, அறையின் காற்றை இழுத்துக்கொண்டு புகைபோக்கி வழியே மேலே அனுப்பிவிடும். வெப்பத்தில் பெரும்பங்கு ஆகாயத்துக்கு! போன காற்றின் இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே நுழையும்.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர் பிலடெல்ஃபியாவில் வாழ்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். ஒரு காலத்தில் வாசலிலேயே கிடைத்த விறகை, சில ஊர்களுக்கு ஏறக்குறைய 100 மைல் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறதே என்று 1744-ல் எழுதினார் அவர். அதற்கு இரண்டு வருடம் முன்பே, கணப்புக்குள் பொருத்துகிற மாதிரி ஒரு வார்ப்பிரும்பு அடுப்பை உருவாக்கியிருந்தார். பென்சில்வேனியா கவர்னர், ‘காப்புரிமை தருகிறேன்’ என்றார். ஃபிராங்க்ளின் மறுத்துவிட்டார். மற்றவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் நாம் அனுபவிக்கிறோமே, நம்முடையதையும் இலவசமாகக் கொடுத்தால் என்ன என்பது அவர் கட்சி. லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதில் சின்ன மாற்றம் செய்து, காப்புரிமையும் வாங்கி, காசு பார்த்துவிட்டார்!

ஆனால், அந்த அடுப்பில் ஒரு கோளாறு. புகையைக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றும் அமைப்பு அது. சூடு குறைந்தால் புகை மேலே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பிவிடும்.

அடுத்து வந்தவரும் ஒரு பெஞ்சமின்தான். ஃபிராங்க்ளின் பிறந்த பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே, 1753-ல் பிறந்த பெஞ்சமின் தாம்ப்ஸன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஃபிராங்க்ளின் ஒரு பக்கம் என்றால், இவர் பிரிட்டிஷ் ராஜா பக்கம்! பிற்பாடு ‘கவுன்ட் ரம்ஃபோர்டு’ ஆனார். 1796-ல் இவர் சொன்ன வழி: கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்வாக வை, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கு. வெப்பம் அறைக்குள் திரும்பியது. புகை ஒழுங்காக மேலே போனது.

‘ஹீட்டர் வந்தாச்சே, இந்தப் பழங்கதை எதற்கு?’ என்கிறீர்களா? 1998 ஜனவரிக்கு வாருங்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உறைபனி மழை. கம்பிகளில் பனிக்கட்டி கனத்து, மின்கோபுரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. சுமார் 30 லட்சம் பேருக்குக் கரன்ட் இல்லை, சிலருக்கு வாரக்கணக்கில்! அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரத்தால்தான் கதகதப்பு. விறகு அடுப்பு இருந்த வீடுகளில் அக்கம்பக்கத்தாரும் வந்து தங்கினார்கள். குளிர் தாங்காமல் வேறு வழிகளை நாடிய சிலர், கார்பன் மோனாக்ஸைடு என்ற வாசனையில்லாத விஷவாயுவுக்குப் பலியானார்கள்.

ஃபிராங்க்ளின் அடுப்பின் கொள்ளுப்பேரனுக்கு இன்றைய பெயர் ‘இன்சர்ட்’. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி. பழைய கணப்புக்குள் அதைத் தள்ளிப் பொருத்தி, அதன் தலையிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை ஸ்டீல் குழாய் விடுவார்கள். குளிர் நாட்டில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ இதை வாங்கப் போனால், சில விஷயங்களைச் சொல்லி வையுங்கள்.

பெட்டி சுவருக்குள் ஒளிந்திருப்பதால் பலவற்றில் வெப்பத்தை வெளியே தள்ள மின்விசிறி உண்டு. கரன்ட் போனால் அதுவும் போச்சு! ஆகவே, முகப்பு கொஞ்சம் வெளியே நீட்டியிருப்பது நல்லது. ‘எதற்கும் பெரிசாக இருக்கட்டும்’ என்ற நம்மூர்ப் புத்தி இங்கே ஆகாது. பெரிய அடுப்பைச் சூடு தாங்காமல் காற்றைக் குறைத்து எரித்தால், விறகு புகைந்து புகைபோக்கிக்குள் தார் மாதிரிப் படியும். ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஈர விறகும் இதே வேலையைச் செய்யும். ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்த நம் பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விஷவாயு அலாரமும் கட்டாயம் வேண்டும், பேட்டரியில் ஓடுவதாக.

விலை, அழகு எல்லாம் அப்புறம். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘கரன்ட் இல்லாத ராத்திரியில் இது எந்த அளவுக்குச் சூடு தரும்?’