வேலைக்காரி (1949): ஒரு பொய்யும் ஒரு கல்யாணமும்

காஞ்சிபுரம் என்றாலே பட்டும் கோயிலும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். தமிழ் சினிமாவுக்கு இந்த ஊர் கொடுத்த ஒரு கதையைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

அண்ணா 1909ல் இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 'திராவிட நாடு' வார இதழை 1942ல் தொடங்கியதும் இதே ஊரில்தான். கே.ஆர்.ராமசாமியின் நாடகக் குழுவுக்காக அவர் எழுதிய 'வேலைக்காரி', 1949ல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில், ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கத்தில் படமானது. பிரச்சாரப் படம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் கதையைப் பாருங்கள், பக்கா த்ரில்லர்!

ஜமீன்தார் வேதாசல முதலியாரின் கடன் தொல்லையால் ஒருவர் தூக்கில் தொங்குகிறார். அவர் மகன் ஆனந்தன் பழிவாங்கத் துடிக்கிறான். அப்போது தன்னைப் போலவே இருக்கும் பரமானந்தன் என்ற பணக்காரனின் பிணம் அகப்படுகிறது. இறந்தவனின் தாய்க்குக் கண் தெரியாது. போதாதா? ஆனந்தன் பரமானந்தனாகி, ஜமீன்தாருக்கே மருமகனாகிறான். டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ' சாயல் இதில் உண்டு. காளி கோயிலில் ஆனந்தன் குமுறும் காட்சிக்கு அன்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பொய். ஜமீன்தாரின் மகன் மூர்த்தி, வீட்டு வேலைக்காரி அமிர்தத்தைக் காதலிக்கிறான். அப்பா சம்மதிப்பாரா? அவள் இறந்துவிட்டதாகவே மூர்த்தி நம்பும் நிலை வருகிறது. அவளோ வேறு பெயரில், ஒரு பணக்காரரின் மகளாக வாழ்கிறாள். தன் வீட்டில் பாத்திரம் கழுவிய அதே பெண்ணை, பணக்கார வீட்டு மகள் என்றதும் வேதாசலம் மருமகளாக ஏற்றுக்கொள்கிறார். முகம் மாறவில்லை, பெயரும் பணமும்தான் மாறின. ஆனந்தன் விஷயத்திலும் அவர் ஏமாந்தது இப்படித்தானே! மனிதரைப் பார்க்கத் தெரியாதவரை ஏமாற்ற வேஷம்கூட அதிகம் தேவைப்படவில்லை.

(அமிர்தமாக நடித்தவர் வி.என்.ஜானகி. கதை எழுதியவர் 1967ல் முதல்வர், கதாநாயகி 1988ல் முதல்வர். வேறு எந்தப் படத்துக்கு இப்படி அமையும்?)

திரையில் பொய் சொல்லியாவது கல்யாணம் முடிந்துவிட்டது. வெளியே அது அவ்வளவு சுலபமாக இல்லை. சாதி, சடங்கு இரண்டையும் மறுத்துப் பலர் சுயமரியாதைத் திருமணம் செய்து வந்த காலம் அது. புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்த முறை சட்டப்படி செல்லாது என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஊரறிய மாலை மாற்றிக்கொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, அவள் பிள்ளைக்குச் சொத்துரிமையும் கேள்விக்குறி. முதல்வரான பிறகு அண்ணா 1967ல் இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும் என்றானது. அதற்கு முன்பே நடந்து முடிந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாள் முதலே செல்லுபடியாகின.