ஸ்லைடு வந்த வழி: கண்ணாடித் துண்டிலிருந்து டெம்ப்ளேட் வரை



பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், பாப்பாவுக்கு ஸ்கூல் புராஜெக்ட். பவர்பாயிண்டில் அழகான டெம்ப்ளேட் எது?" இன்னொரு மாணவன் ஆபீஸ் மீட்டிங்குக்குக் கேட்கிறான். நாத்தனார் மகன், தாத்தாவின் சதாபிஷேகத்துக்குப் போட்டோக்களை அடுக்கிப் போட வழி கேட்கிறான்.

நான் கம்ப்யூட்டர் டீச்சர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிக்கொண்டு, சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவுமாக 34 வருடம் ஓட்டியவள். ஆனால் படம் காட்டிப் பாடம் சொல்வதுதான் என் தொழில். ஆகவே அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். டெம்ப்ளேட் கேள்விக்கான பதில் நடுவிலேயே வந்துவிடும்.

முதலில் 1658. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்த கொமேனியஸ் என்ற கல்வியாளரைப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் அந்த வருடம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 'ஆர்பிஸ் பிக்டஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். படத்தில் உலகம் என்று சொல்லலாம். சுமார் 150 பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே தலைப்பு, அதன் கீழே ஒரு மரச்செதுக்குப் படம், அதற்கும் கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கம். படத்தில் இருக்கும் பொருளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார். அதே எண் விளக்கத்திலும் இருக்கும். குழந்தை எண்ணைப் பிடித்துக்கொண்டு சொல்லிலிருந்து பொருளுக்குப் போகும், பொருளிலிருந்து சொல்லுக்கு வரும்.

டெம்ப்ளேட் என்று நீங்கள் சொல்வது இதுதான் பிள்ளைகளே. எல்லாப் பக்கமும் ஒரே அமைப்பு. எங்கே பார்ப்பது என்று குழந்தை தேட வேண்டாம், என்ன பார்ப்பது என்பதில் மட்டும் கவனம் வைத்தால் போதும். அழகு அதோடு தானாக வந்து சேர்ந்தது.

அடுத்த வருடம், 1659. நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானி மாய விளக்கு என்ற கருவியை அமைத்தார். ஒரு பெட்டிக்குள் விளக்கு, முன்னால் கண்ணாடித் துண்டில் வரைந்த படம், அதற்கு முன்னால் லென்ஸ். படம் சுவரில் பெரிதாக விழும். இன்றைய புரொஜெக்டருக்குப் பாட்டி அதுதான். அதற்காக அவர் வரைந்து வைத்த ஓவியம் இன்னும் இருக்கிறது. என்ன படம் தெரியுமா? தன் தலையைத் தானே கழற்றிக் கையில் எடுக்கும் எலும்புக்கூடு! ஒரு வருட இடைவெளியில் இரண்டு வழிகள் பிறந்துவிட்டன. ஒன்று, புரிய வைக்கப் படம். இன்னொன்று, வாய் பிளக்க வைக்கப் படம். இன்று வரை ஸ்லைடு செய்கிற எவரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

1850-ஐ ஒட்டி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாங்கன்ஹைம் சகோதரர்கள் புகைப்படத்தையே கண்ணாடியில் பதித்துக் காட்டினார்கள். நம் நாட்டில் 1890களில் மகாராஷ்டிரத்தின் கல்யாண் ஊரில் பட்வர்தன் குடும்பத்தார் கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடிப் படங்களை வைத்துப் புராணக் கதைகளை மேடையில் காட்டினார்கள். சினிமா வருவதற்கு முன்பே சுவரில் ராமரும் சீதையும் வந்துவிட்டார்கள்.

என் வயதுக்காரர்களுக்குக் கண்ணாடி ஸ்லைடு என்றால் டூரிங் டாக்கீஸ்தான். படம் ஆரம்பிக்கும் முன் "நல்வரவு" வரும். "புகை பிடிக்காதீர்கள்" வரும். இடைவேளையில் உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் வரும். ஒரு ஸ்லைடில் நான்கைந்து சொல்லுக்கு மேல் இருக்காது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டுமே! அதை எழுதிய ஓவியர் எந்த டிசைன் வகுப்புக்கும் போனவர் இல்லை. தூரத்தில் இருப்பவர் படிக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்து எழுதினார்.

1936-ல் கோடாக் நிறுவனத்தின் 35 மில்லிமீட்டர் வண்ண ஸ்லைடு ஃபிலிம் வந்தது. 1960களில் வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகள் அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக விழும் கேரசல் புரொஜெக்டர் வந்தது. இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவப் பயிற்சியில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் புழக்கத்துக்கு வந்து, பிறகு பள்ளிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் பரவியது. நாம் ஓ.எச்.பி. என்போமே, அதுதான். பணியிடைப் பயிற்சியில் டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் எழுதிக் காட்டிய காலம் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த ஷீட்டுகளிலிருந்துதான் பவர்பாயிண்ட் பிறந்தது. 1980களில் அமெரிக்கக் கம்பெனிகளில் மேலாளர் பேசுவதற்கு ஷீட் வேண்டுமென்றால் படம் வரையும் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பேசுகிறவரே தன் ஷீட்டைத் தானே தயாரிக்க முடிந்தால் என்ன என்று யோசித்தவர் ராபர்ட் காஸ்கின்ஸ். 1984-ல் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனத்தில் சேர்ந்து, டென்னிஸ் ஆஸ்டின் என்ற மென்பொருள் வல்லுநருடன் இதை உருவாக்கினார். முதலில் வைத்த பெயர் பிரசன்டர். அந்தப் பெயருக்கு வேறு உரிமையாளர் இருந்ததால் பவர்பாயிண்ட் ஆயிற்று. 1987 ஏப்ரலில் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. கறுப்பு வெள்ளை மட்டும்தான். அச்சடித்து, ஷீட்டில் நகல் எடுத்து, ஓ.எச்.பி.யில் வைக்க வேண்டும். அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை ஒரு கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது.

அதே 1987-ல்தான் நம் நாட்டில் கரும்பலகைத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை, வரைபடம், சார்ட். அங்கே பவர்பாயிண்ட், இங்கே கரும்பலகை என்று நான் வருத்தப்படவில்லை. இரண்டுக்கும் கேள்வி ஒன்றே: பின் வரிசைப் பிள்ளைக்குத் தெரிகிறதா?

1988-ல் வண்ணம் வந்தது. 1990-ல் விண்டோஸுக்கு வந்தது. 1992-ல் கம்ப்யூட்டரிலிருந்தே நேராகத் திரையில் காட்டும் வசதி வந்தது. ஷீட் தேவையில்லை என்றாகிவிட்டது. 1994-ல் வந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். ஆட்டோகன்டென்ட் விசார்ட் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். வெறும் திரையைப் பார்த்து என்ன எழுதுவது என்று திகைப்பவர்களுக்காக, தலைப்பும் குறிப்புகளும் முன்கூட்டியே நிரப்பிய ஸ்லைடுகள். அதில் 'கெட்ட செய்தியைத் தெரிவிப்பது எப்படி' என்பதற்குக்கூட ஒரு தயார் வடிவம் இருந்தது! கொமேனியஸின் வடிவம் பாடத்தைத் தாங்கியது. இந்த வடிவம் பாடத்தையே எழுதிக் கொடுத்தது. 2007 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். கொலம்பியா விண்கலத்தைச் சொல்கிறேன்.

2003 ஜனவரி 16-ல் கிளம்பிய கொலம்பியாவில், 82 வினாடிக்குள் எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே, சேதம் எவ்வளவு என்று பொறியாளர்கள் கணக்கிட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், சோதனைத் தரவுகள் நிம்மதி தருகின்றன என்ற தொனி வரும். அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. அடிமட்டத்தில், சிறிய எழுத்தில், ஒரு வரி. சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டு 3 கன அங்குலம். மோதியிருக்கக் கூடிய துண்டு 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் உண்மைச் செய்தி. அது தலைப்பில் இருக்க வேண்டியது. கடைக்கோடியில் கிடந்தது.

பிப்ரவரி 1-ம் தேதி, தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த நம் கல்பனா சாவ்லா அதில் ஒருவர். ஒரு ஸ்லைடு அவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இறக்கையின் முன்விளிம்பில் விழுந்த ஓட்டைதான் காரணம். நிர்வாகத்தின் போக்கும் காரணம். ஆனால் விசாரணைக் குழு அந்த ஆகஸ்டில் தந்த அறிக்கையில், முறையான தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதிலாகப் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை வைத்தே எல்லாவற்றையும் பேசும் வழக்கத்தைக் குறையாகக் குறிப்பிட்டது. எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் அந்த ஸ்லைடை வரிவரியாக அலசிக் காட்டினார். அடுத்த வருடம், 2004-ல், அமேசான் நிறுவனத்தின் ஜெஃப் பெசோஸ் தன் உயரதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயிண்டே வேண்டாம், முழு வாக்கியங்களில் எழுதி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் ஸ்லைடே வேண்டாமா? அப்படி இல்லை. 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் என்பவர் ஒரு அருங்காட்சியகத்தில் சாதாரண மக்களுக்காகப் புள்ளிவிவரங்களைப் படமாக்கினார். அவர் வைத்த விதி எளிது. அளவு அதிகம் என்றால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தைப் பல முறை போடு. இரண்டு மடங்குக்கு இரண்டு மனிதர், ஐந்து மடங்குக்கு ஐந்து மனிதர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிவிடலாம்.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்று தாய்மார்களுக்குக் காட்ட ஒரு ஸ்லைடு செய்து அனுப்பினாள். அழகான நீலநிற டெம்ப்ளேட். பாதி இடத்தை ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் சிரித்த முகம் அடைத்துக்கொண்டது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்காவிட்டால் வீட்டில் எப்படிக் கலப்பது என்ற அளவு, ஐந்தாவது புள்ளியில் சிறிய எழுத்தில். கொலம்பியா கதையை அவளுக்குப் போனில் சொன்னேன். மறுநாள் வேறு ஸ்லைடு வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில். பக்கத்தில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, ஆறும் தனித்தனியாக வரைந்து. அரை டீஸ்பூன் உப்பு. வேறொன்றும் இல்லை. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அந்த அரை ஸ்பூன் கண்ணில் படத்தான் வேண்டும்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக அளந்து தைத்த சட்டை. நம் சொற்கள் நீளம். பெட்டிக்குள் அடங்காமல் எழுத்து தானாகச் சுருங்கிவிடும். நம் எழுத்துக்கு மேலே விசிறி உண்டு, கீழே சுழி உண்டு. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டாவிட்டால் மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும். யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். வீட்டில் "வணக்கம்" என்று அடித்தது, பயிற்சி மையக் கம்ப்யூட்டரில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இன்று அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. பழைய ஃபைல்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

படம் பற்றியும் ஒன்று. பழைய திரை 4:3. 2013 பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் 16:9 அகலத் திரையாகத் திறக்கிறது. பழைய போட்டோவைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால் காந்தித் தாத்தாவுக்கும் கன்னம் உப்பிவிடும். மூலையைப் பிடித்து இழுங்கள், அளவு கெடாது. மிச்சமுள்ள இடம் வெறுமையாக இருக்கட்டும். சதாபிஷேகப் போட்டோ கேட்ட மருமகனுக்கும் இதுதான் பதில்.

ஆகவே "எந்த டெம்ப்ளேட்?" என்று கேட்பவர்களுக்கு: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். கேட்பவர் வீட்டுக்குப் போகும்போது எது அவர் மனதில் இருக்க வேண்டுமோ, அது. அந்த வாக்கியத்தை எந்த டெம்ப்ளேட் பெரிதாக, முதலில், தெளிவாகக் காட்டுகிறதோ அதை எடுங்கள். எதுவும் காட்டவில்லையா, வெள்ளை ஸ்லைடில் கறுப்பு எழுத்து போதும். பிறகு பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் செய்த ஸ்லைடு இருந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்த ஒரு வாக்கியத்தையும் கூடவே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்