மனிதாபிமான உதவி ஆய்வு: துறையும் அதன் தொழிலும்

போர், பஞ்சம், வெள்ளம், இடப்பெயர்வு ஆகியவற்றில் சிக்கியவர்களுக்கு உதவி எங்கே முடிவாகிறது, யார் கைவழியே போகிறது, போகும் வழியில் என்ன ஆகிறது என்பதை ஆராயும் கல்வித்துறை மனிதாபிமான உதவி ஆய்வு. அதோடு ஒட்டிப் பிறந்த நெருக்கடி ஆளுகை ஆய்வு, அந்த நேரத்தில் உண்மையில் ஆள்வது யார் என்று கேட்கிறது: அரசா, ராணுவமா, ஐ.நா. அமைப்பா, தொண்டு நிறுவனமா, ஊர்ச் சங்கமா? சமூகவியல், மானிடவியல், பொருளாதாரம், சட்டம், பொதுச் சுகாதாரம் எனப் பல துறைகளிலிருந்து ஆட்களை இரவல் வாங்கி வளர்ந்த துறை இது. இரக்கம் எப்படி வளர்ந்தது என்று சொல்லும் வரலாறாக இதை எழுதுவது வழக்கம். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. இந்தத் துறையின் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு நிவாரணம் தோற்றபின் எழுந்த தணிக்கையாகவே இருந்திருக்கிறது. துன்பப்பட்டவரை ஆராய்வதை விட்டு உதவி கொடுத்தவரை ஆராயத் தொடங்கிய இடங்களில்தான் அது அறிவுத்துறையாக நிமிர்ந்திருக்கிறது.

துறையின் பிறப்பைப் பொதுவாக 1859 ஜூன் 24-இல் வைப்பார்கள். வட இத்தாலியின் சொல்ஃபெரினோவில் அன்று நடந்த போரில் காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்ட ஜெனிவா வணிகர் ஹென்றி துனாந், 1862-இல் அதை நூலாக எழுதினார். 1863-இல் செஞ்சிலுவைக் குழுவும் 1864-இல் முதல் ஜெனிவா உடன்படிக்கையும் வந்தன. உதவியின் வரலாற்றுக்கு இது தொடக்கமாகலாம். உதவி பற்றிய ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் சென்னை மாகாணத்தில், 1876-78-இன் தாது வருஷப் பஞ்சத்தில் இருக்கிறது. 1873-74-இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து பஞ்சச் சாவுகளைப் பெரும்பாலும் தடுத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற பெயர். 1877 தொடக்கத்தில் வைஸ்ராயின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்தபோது அதே டெம்பிள், நிவாரண வேலைக்கு வருவோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். உடலுழைப்புச் செய்பவருக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கணக்கு. சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. 1876-78 பஞ்சத்தில் இந்தியாவில் இறந்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அரசின் கையிலிருந்து புறப்படும் உதவியே ஆளைக் கொல்லக்கூடும் என்ற கேள்வியை, அதே அரசின் ஊழியர் ஒருவர் எண்களை வைத்து எழுத்தில் பதிவு செய்தது இங்கேதான். சென்னையில் இன்று சாக்கடையாக ஓடும் பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதி, அந்த நிவாரணக் கூலிகள் தோண்டியது.

இந்தத் தோல்வியின் பிள்ளை பஞ்சச் சட்டம். ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. அதன் வழியே எழுந்த பஞ்சச் சட்டத்தொகுப்புகள், பஞ்சத்தின் அறிகுறி எது, எந்தக் கட்டத்தில் அறிவிப்பது, அறிவித்தால் எந்த அதிகாரி என்ன செய்வது என்று வரையறுத்தன. ஆனால் 1943-இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டபோது அந்தச் சட்டத்தின்கீழ் பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்திருந்தால் கடமைகள் தாமாகவே எழுந்திருக்கும் என்பதுதான் அறிவிக்காமல் விட்டதன் சூட்சுமம். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கத்தியை வைத்தது. 1943-இன் உணவு இருப்பு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு. பஞ்சமில்லாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். அப்படியென்றால் செத்தவர்கள் நெல் இல்லாமல் சாகவில்லை, நெல்லைப் பெறும் உரிமை இல்லாமல் செத்தார்கள். இந்த எண்களை மறுத்தவர்கள் உண்டு. போர்க்கால விளைச்சல் கணக்குகளை நம்ப முடியாது என்றார்கள். அந்த மறுப்பு ஓரளவு நியாயமானதுதான். ஆனால் அதை முழுதாக ஏற்றாலும், பஞ்சத்தை மழையின் கணக்கிலிருந்து ஆட்சியின் கணக்குக்கு மாற்றிய அடிப்படை நகர்வு அசையவில்லை.

இணையாக வட அமெரிக்காவில் வேறொரு கிளை வளர்ந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917-இல் நடந்த வெடிவிபத்தைப் பற்றி சாமுவேல் பிரின்ஸ் 1920-இல் எழுதிய ஆய்வும், 1963-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையமும் அதன் மைல்கற்கள். பேரிடரில் மக்கள் வெறிபிடித்து ஓடுவார்கள், கொள்ளையடிப்பார்கள் என்ற நம்பிக்கையைக் கள ஆய்வுகள் உடைத்தன. முதலில் ஓடிவந்து தூக்குபவர் பக்கத்து வீட்டுக்காரரே. இயற்கைப் பேரிடர் என்ற சொல்லில் இயற்கைக்கு அவ்வளவு பங்கில்லை என்று பிரிட்டனின் நேச்சர் இதழில் மூவர் வாதிட்டது 1976-இல். மறு ஆண்டு இத்துறைக்கென்றே பேரிடர்கள் என்ற பொருளுடைய ஆங்கில ஆய்விதழ் தொடங்கியது.

ஒரு தனி ஆய்வாளரின் வாழ்க்கைத் தொழிலாக இந்தத் துறை உருக்கொண்டதற்கு பார்பரா ஹாரல்-பாண்டைவிடச் சிறந்த சான்று இல்லை. 1932-இல் அமெரிக்காவில் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபர்டில் மானிடவியல் படித்து, சியரா லியோனில் படித்த வர்க்கத்தின் திருமண வழக்கங்களை ஆராய்ந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அல்ஜீரியாவில் சஹ்ராவி அகதிகளைக் கண்டது அவர் திசையை மாற்றியது. 1982-இல் ஆக்ஸ்ஃபர்டில் அகதிகள் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே காலத்தில் தென் சூடானின் யெய் ஆற்று மாவட்டத்தில், உகாண்டாவிலிருந்து தப்பி வந்தவர்களிடையே மாணவர் குழுவுடன் களப்பணி செய்தார். அங்கிருந்து 1986-இல் வந்த நூலின் தலைப்பே உதவியைத் திணித்தல் என்று பொருள்படும். அகதிகளில் பெரும்பகுதியினர் முகாமுக்கு வெளியே, உள்ளூர் மக்களோடு கலந்து, தாமே பிழைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். முகாம் என்பது பலருக்குக் கடைசிப் புகலிடம். உதவி நிறுவனங்களோ முகாமில் இருப்பவரையே எண்ணின, அவருக்கே ரேஷன் தந்தன, பிறகு அகதிகள் சோம்பிச் சார்ந்திருப்பதாகக் குறைபட்டுக்கொண்டன. சார்பை உண்டாக்கியது உதவியின் அமைப்பே என்பது அவர் வாதம். இந்த நூலுக்கு முன்னும் அகதிகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். நிவாரண நிறுவனத்தை ஒரு குலத்தைப் போல, அதன் சடங்கு, மொழி, நம்பிக்கை எல்லாவற்றோடும் ஆராய்ந்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று இது. அகதிகள் ஆய்விதழ் 1988-இல் வந்தது. 1996-இல் இயக்குநர் பொறுப்பை விட்டபின் கம்பாலாவிலும் கெய்ரோவிலும் பணியாற்றினார். கென்யா, உகாண்டாவில் அகதிகளின் உரிமைகள் எப்படி மீறப்பட்டன என்று கூகியெல்மோ வெர்திராமேயுடன் 2005-இல் எழுதினார். அகதிகளுக்குச் சட்ட உதவி தரும் வேலையைக் கடைசிவரை விடவில்லை. 2018-இல் காலமானார். அவர் ஆய்வாளரா வழக்காடுபவரா என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டும்தான். வழக்கில் நிற்பவரின் சாட்சியம் சந்தேகத்துக்குரியது என்ற விதி பொதுவாகச் சரி. ஆனால் இவர் சொன்னதை வேறு முகாம்களில் வேறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டபோது சந்தேகத்தின் சுமை மறுபக்கம் மாறியது.

அடுத்த பத்தாண்டில் தணிக்கை கடுமையானது. 1984-85 டார்ஃபூர் பஞ்சத்தை ஆராய்ந்த அலெக்ஸ் டி வால் 1989-இல் காட்டியது: மக்கள் வயிற்றைக் கட்டி விதையையும் கால்நடையையும் காப்பாற்றிக்கொண்டார்கள், இறப்பின் பெருங்காரணம் நோயே, வெளியிலிருந்து வந்த உணவு பிழைப்பின் சிறு பங்குதான். பஞ்சத்தால் ஆதாயம் அடைபவர்கள் யார் என்று டேவிட் கீன் 1994-இல் கேட்டார். அதே ஆண்டு ஜூலையில், இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவிலிருந்து காங்கோவின் கோமாவுக்கு ஓடிவந்தவர்களில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் மடிந்தார்கள். தப்பியவர்களின் முகாம்களில் ரேஷன் பங்கீடு இனப்படுகொலை நடத்தியவர்களின் கைக்கே போனது. டென்மார்க்கின் முன்முயற்சியில் பல நாடுகளும் நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 1996-இல் வெளியானது. அரசியல் செய்ய வேண்டிய வேலைக்கு மனிதாபிமான உதவியை மாற்றாக வைத்தார்கள் என்பது அதன் சாரம். இப்படிப் போட்டு உடைத்தால் உதவியே வேண்டாம் என்பவர்களுக்கு ஆயுதம் எடுத்துக்கொடுத்ததாகாதா? துறையின் மீது வைக்கப்படும் மிகக் கனமான ஆட்சேபம் இது, லேசாகத் தள்ளக்கூடியதும் அல்ல. ஆனால் கோமா விஷயத்தில் விளைவு வேறாக இருந்தது. 1997-இல் ஸ்ஃபியர் திட்டம் தொடங்கியது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவு என்ற அளவுகோல்கள் அதன் கையேட்டில் நிலைபெற்றன. கார்னிஷ் கேட்டதற்குப் பதில் கிடைக்க 120 ஆண்டு ஆனது என்றும் சொல்லலாம்.

தமிழர் வாழும் கரைகள் இரண்டு முறை இந்தத் தணிக்கைக்குப் பொருளாகின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் உலகெங்கும் திரண்ட பணம் சுமார் 1,350 கோடி டாலர். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல் என்றும், அதே ஆண்டு வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவானது 3 டாலர் மட்டுமே என்றும் 2006-இன் கூட்டு மதிப்பீடு கணக்குச் சொன்னது. முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் உள்ளூர் மக்களே. பின்னால் வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் பல இடங்களில் அவர்களை ஒதுக்கின என்பதும் அதன் முடிவு. இலங்கையில் வடகிழக்கு நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் 2005-இல் கையெழுத்திட்ட கூட்டுப் பொறிமுறையின் முக்கியப் பகுதிகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அது செயல்பட்டதே இல்லை. இரண்டாவது, 2009-இல் வன்னியில் முடிந்த இலங்கைப் போர். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறியதிலிருந்து, மாண்டோர் எண்ணிக்கையைத் திரட்டியும் அதை உரக்கச் சொல்லாதது வரை, சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வு 2012 நவம்பரில் தவறுகளை வரிசைப்படுத்தி, ஐ.நா.வின் ஒட்டுமொத்த அமைப்பே தவறியது என்று முடிவு கூறியது. பெட்ரியும் ஐ.நா.வில் பணியாற்றியவர்தான். வீட்டுக்குள்ளிருந்தே வந்த இந்தத் தீர்ப்பு, துறை நெடுங்காலமாகச் சொல்லிவந்த ஒன்றுக்கு ஆவணமானது: உள்ளே போகும் அனுமதியைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொள்ளும் நிறுவனத்துக்குக் கடைசியில் அனுமதியும் மிஞ்சுவதில்லை.

இப்போது இது பட்டமும் பதவியும் உள்ள தொழில். நெதர்லாந்தின் தியா ஹில்ஹோர்ஸ்ட் 2006 முதல் வாகனிங்கனிலும் பின்னர் தி ஹேக்கிலும் பேராசிரியராக இருந்து, நிவாரணக் களத்தை ஓர் அரங்கமாகப் பார்க்கக் கற்பித்தவர். நிறுவன ஊழியர், குடியானவர், ஆயுதக்குழு, அகதி, அதிகாரி எல்லோரும் அங்கே பேரம் பேசுகிறார்கள். நடுநிலை என்பது வானத்திலிருந்து விழும் கொள்கையாக இல்லாமல் அன்றாடம் பேசிப் பெறும் பொருளாகிறது. 2009-இல் சர்வதேச மனிதாபிமான ஆய்வுச் சங்கம் உருவானது. 2022-இல் ஹில்ஹோர்ஸ்ட்டுக்குக் கிடைத்த ஸ்பினோசா பரிசு அந்நாட்டின் உச்ச அறிவியல் விருது. இங்கே இரண்டாவது ஆட்சேபம் எழுகிறது. இந்த ஆய்வாளர்களில் பலருக்குச் சம்பளமும் களத்துக்குள் நுழையும் வழியும் தருவது அவர்கள் தணிக்கை செய்ய வேண்டிய அதே அரசுகளும் நிறுவனங்களும். முனைவர் பட்டம், குறுகிய ஒப்பந்தம், இடையிடையே கூலிக்கு மதிப்பீட்டறிக்கை என்று ஓடும் வாழ்க்கையில் கசப்பான முடிவை எழுத யாருக்குத் துணிவு வரும்? கேள்வி சரியானது. விடை ஹெய்ட்டியில் பாதி கிடைக்கிறது. 2010 அக்டோபரில் அங்கே காலரா வெடித்தது. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவே மூலம் என்று பிரெஞ்சுத் தொற்றுநோயியலாளர் ரெனோ பியாரூ களத்தில் தடம் பிடித்துச் சொன்னார். ஐ.நா. பல ஆண்டு மறுத்தது. 2016 டிசம்பரில்தான் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டார். ஏறத்தாழ 10,000 பேர் இறந்த வழக்கை ஐ.நா.வின் சட்டக் காப்பைக் காட்டி அமெரிக்க நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. ஆய்வு உண்மையை நிறுவ முடிந்தது, இழப்பீட்டைப் பெற்றுத்தர முடியவில்லை.

மிச்சமிருக்கும் பெரிய குறை துறையின் சொந்தக் குறை. கள மொழி தெரிந்தவர், பாதை தெரிந்தவர், ஆபத்தைத் தாங்குபவர் உள்ளூர் உதவியாளர். நூலின் அட்டையில் பெயர் வருவது வேறொருவருக்கு. உதவி நிறுவனங்களை நோக்கித் துறை நீட்டிய விரல் இங்கே தன்னையே காட்டுகிறது. உதவிப் பணத்தில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளிடம் கொண்டுசேர்ப்பதாக 2016 இஸ்தான்புல் மாநாட்டில் கொடையாளர்கள் வாக்களித்தார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆய்வுப் பணத்துக்கு அப்படியொரு வாக்குறுதிகூட இல்லை. அந்தப் பணமும் தருபவரின் விருப்பத்தில்தான் நிற்கிறது. பஞ்சம் வருமுன் எச்சரிக்கும் உலகின் முதன்மையான கண்காணிப்பு அமைப்பு ஒன்றை எத்தியோப்பியப் பஞ்சத்தின் பாடமாக 1985-இல் நிறுவியது அமெரிக்க அரசு. 2025 ஜனவரி இறுதியில் அதே அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அதன் இணையதளம் முடங்கியது. தரவுகள் திரும்பத் தெரிய மாதங்கள் ஆயின.