மாநில எல்லை கடக்கும் ரைபிள்: அமெரிக்காவின் 'பாதுகாப்பான கடப்பு' விதியின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் தமக்குச் சொந்தமான ரைபிளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும்போது, இடைப்பட்ட மாநிலங்களின் துப்பாக்கிச் சட்டங்கள் அவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு விடை சொல்வது கூட்டாட்சிச் சட்டத்தின் 926ஏ பிரிவு. 1986இல் இயற்றப்பட்ட இப்பிரிவு 'பாதுகாப்பான கடப்பு' விதி என்று பொதுவாக அழைக்கப்படுகிறது. முழுப் பிரிவும் ஒரே ஒரு நீண்ட வாக்கியம்தான். அந்த வாக்கியம் பயணிக்கு ஓர் உரிமையைத் தெளிவாகத் தருகிறது. ஆனால் பயணம் வழியில் தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதையும், உரிமை மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டது. பின்னாளில் எழுந்த வழக்குகள் பலவும் இந்த இரண்டு இடைவெளிகளைச் சுற்றியே அமைந்தன.

அமெரிக்காவில் துப்பாக்கி குறித்த சட்டங்களைக் கூட்டாட்சி அரசும் இயற்றுகிறது. 50 மாநிலங்களும் தனித்தனியே இயற்றுகின்றன. சில இடங்களில் நகராட்சிகளுக்கும் தனி விதிகள் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் சல்லிவன் சட்டம் 1911 முதல் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு வருகிறது. நியூயார்க் நகரம் 1967இல் ரைபிளுக்கும் உரிமம் வேண்டும் என்றது. நியூ ஜெர்சி 1966இல் ரைபிள் வாங்குவோருக்கு அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியது. மாசசூசெட்ஸில் 1975 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பார்ட்லி-பாக்ஸ் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி கொண்டு செல்வோருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை என்று விதித்தது. மறுபுறம், மேற்கு மாநிலங்களில் பிக்கப் வண்டியின் பின் கண்ணாடிக்கு மேல் ஆணியடித்த தாங்கியில் ரைபிளைத் தொங்கவிட்டு ஓட்டிச் செல்வது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி.

இவ்வளவு வேறுபட்ட சட்டங்கள் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வருவதுதான் சிக்கல். பென்சில்வேனியாவில் வாழும் ஒருவர் மெய்ன் காடுகளுக்கு வேட்டைக்குப் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாட்டுக்குள் மெய்னுக்கு அண்டை மாநிலம் ஒன்றே ஒன்றுதான், நியூ ஹாம்ப்ஷயர். நாட்டை விட்டு வெளியேறாமல் சாலை வழியே அங்கே போக வேண்டுமானால் நியூயார்க் மாநிலத்தைத் தவிர்க்கவே முடியாது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் குற்றமில்லாத ஒரு பொருள், நடுவில் சில மணி நேரம் மட்டும் குற்றப் பொருளாகிவிடலாம்.

எல்லை கடக்கும் ரைபிள் கூட்டாட்சி அரசின் கவலையானதற்கு வேட்டைக்காரர்கள் காரணம் அல்லர். 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற ரைபிள், சிகாகோவின் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றிலிருந்து டெக்சாஸுக்கு அஞ்சலில் வந்தது. கொலைக்கு முன் அது சாலைப் பயணமும் செய்திருந்தது. கொலையாளி ஆஸ்வால்டின் வீட்டுப் பொருள்களோடு, போர்வையில் சுற்றப்பட்டு, 1963 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு ஸ்டேஷன் வேகன் காரில் டெக்சாஸுக்கு வந்தது என்பது வாரன் ஆணையத்தின் முடிவு. காரின் உரிமையாளருக்கு அது தெரியாது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ரைபிளைச் சிறையிலிருந்து தப்பிய ஜேம்ஸ் ஏர்ல் ரே என்பவர் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பொய்ப்பெயரில் வாங்கியிருந்தார். சில நாட்களுக்குள் அதை வெள்ளை நிற போர்டு மஸ்டாங் காரில் டென்னசியின் மெம்பிஸுக்குக் கொண்டு சென்றார். அதே ஆண்டு ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார்.

1968 அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றின் விளைவு. மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி விற்பதை அது நிறுத்தியது. தண்டனை பெற்ற குற்றவாளிகள் முதலியோருக்குத் துப்பாக்கி கூடாது என்ற தடையை விரிவாக்கியது. குழல் நீளம் 16 அங்குலத்துக்குக் குறைவான ரைபிள், இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றை எல்லை கடத்த முன் அனுமதி வேண்டும் என்றது. சாதாரண ரைபிளை அதன் உரிமையாளர் காரில் கொண்டு போவதை அது தடுக்கவில்லை. ஆனால் மாநிலச் சட்டங்களையும் அது தொடவில்லை. கூட்டாட்சிச் சட்டமும் மாநிலச் சட்டமும் ஒன்றாக நிற்கவே முடியாதபடி நேருக்கு நேர் மோதினாலொழிய மாநிலச் சட்டம் செல்லும் என்று அச்சட்டமே கூறியது. ஆகவே பென்சில்வேனியா வேட்டைக்காரரின் நிலை மாறவில்லை.

இதை மாற்ற முனைந்தவர்கள் ஐடஹோ செனட்டர் ஜேம்ஸ் மெக்ளூர், மிசூரியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குச் சென்ற ஹரால்டு வோல்க்மர் ஆகிய இருவர். 1968 சட்டத்தைப் பல இடங்களில் தளர்த்தும் அவர்களின் மசோதா ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடந்தது. 1985 ஜூலை 9 அன்று செனட் அதை 79க்கு 15 என்ற கணக்கில் ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் நீதித்துறைக் குழுவின் தலைவர் பீட்டர் ரோடினோ அதை முன்னே விட விரும்பவில்லை. குழுவின் கையிலிருந்து மசோதாவை வெளியே எடுக்கச் சபை உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 218 பேர், கையெழுத்திட வேண்டும். வோல்க்மர் அந்தக் கையெழுத்துகளைச் சேர்த்துவிட்டார். பெரிய காவல்துறை அமைப்புகள் மசோதாவை எதிர்த்தன. 1986 ஏப்ரல் 10 அன்று 292க்கு 130 என்று அது நிறைவேறியது. நியூ ஜெர்சியின் வில்லியம் ஹியூஸ் கொண்டுவந்த ஒரு திருத்தம் அன்றே அதில் சேர்ந்தது. பொதுமக்கள் புதிய இயந்திரத் துப்பாக்கி வாங்குவதற்கு விழுந்த தடை அதுதான். துப்பாக்கி உரிமையாளர்களுக்கான சட்டத்துக்குள் அது இருப்பதை இன்றும் பலர் கவனிப்பதில்லை.

மே 19 அன்று ரீகன் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாஷிங்டனில் அவரையே சுட்ட கைத்துப்பாக்கியும் டெக்சாஸில் வாங்கப்பட்டு மாநில எல்லைகள் கடந்து வந்ததுதான்.

சட்டத்தில் முதலில் இருந்த கடப்பு விதி மிகச் சுருக்கமானது. தோட்டா நிரப்பாத, எளிதில் கைக்கு எட்டாத துப்பாக்கியை மாநில எல்லைகள் கடந்து கொண்டு செல்லலாம், மாநிலச் சட்டம் எதுவானாலும் சரி என்பதே அதன் சாரம். 'எளிதில் எட்டாத' என்றால் என்ன? இருக்கைக்கு அடியில் வைத்தால் எட்டாததா? போய்ச் சேரும் ஊரில் அந்தத் துப்பாக்கிக்கே தடை இருந்தால்? இவற்றுக்கு அதில் விடை இல்லை. எனவே காங்கிரஸ் உடனடியாக ஒரு திருத்தச் சட்டம் இயற்றியது. ரீகன் ஜூலை 8 அன்று அதில் கையெழுத்திட்டார். மூலச் சட்டம் நவம்பரில்தான் நடைமுறைக்கு வர இருந்தது. ஆகப் பழைய வாசகம் ஒரு நாள்கூட நடைமுறையில் இருக்கவில்லை.

திருத்திய வாசகத்தின்படி, புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் பயணிக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாக்களோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. நடைமுறையில் இதற்கு டிக்கி என்று பொருள். டிக்கி தனியாக இல்லாத ஸ்டேஷன் வேகன், ஜீப் போன்ற வண்டிகளில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள சிறு அறையும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. பிக்கப்பின் கண்ணாடித் தாங்கியில் தொங்கும் ரைபிளுக்கு இவ்விதியில் இடமில்லை. அதை அனுமதிக்கும் மாநிலத்துக்குள் இருக்கும் வரைதான் அது அங்கே தொங்கலாம்.

அமெரிக்க எல்லைக்கு வெளியே இவ்விதி செல்லாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அலாஸ்காவுக்குச் சாலை வழியே போகிறவர்கள் இதை மறக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து அலாஸ்கா போவதும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதே என்றாலும் நடுவில் கனடா இருக்கிறது. அங்கே எல்லையிலேயே ரைபிளை எழுத்துமூலம் அறிவித்து, கட்டணம் செலுத்தி, கனடாவின் சட்டப்படி நடக்க வேண்டும்.

வாக்கியத்தின் குறைகள் வெளிப்பட்டது கைத்துப்பாக்கி வழக்குகளில். விதி இரண்டு வகை ஆயுதத்துக்கும் ஒன்றே என்பதால் ரைபிள் உரிமையாளர்களுக்கும் அத்தீர்ப்புகள் பொருந்தும். 2005இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். விமானப் பயணம் குளறுபடியாகி, நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. பூட்டிய பெட்டிக்குள் கைத்துப்பாக்கி இருந்த பயணப்பையை விமான நிலையத்தில் பெற்றுக்கொண்டு விடுதிக்குப் போனார். மறுநாள் காலை முறைப்படி அதை விமான நிலையத்தில் அறிவித்தபோது கைதானார். சில நாட்கள் சிறையில் இருந்தார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அவர் இழப்பீடு கேட்டுப் போனபோது, 2010இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. விடுதி அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது, எனவே அந்த இரவில் 926ஏ பிரிவின் காப்பு அவருக்கு இல்லை என்றது. அன்றிரவு பையைக் காவலர்களிடம் ஒப்படைத்திருக்கலாமே என்ற யோசனையும் தீர்ப்பில் உண்டு. தடை செய்யப்பட்ட மாநிலத்தில் காவலரைத் தாமாகத் தேடிப்போய்த் துப்பாக்கியைக் காட்டுவது எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அந்த யோசனை எதிர்கொள்ளவே இல்லை. அந்த நியூவர்க்கைத்தான் 1986இல் ரோடினோ பிரதிநிதித்துவம் செய்தார்.

அதே ஆண்டு, நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்டார நீதிமன்றம் இன்னொரு கதவை மூடியது. விமான நிலையங்களில் பிடிக்கப்பட்ட சிலர், தங்கள் உரிமையை மீறியதாக 1871ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்திருந்தனர். 926ஏ பிரிவை வைத்து அப்படி வழக்குப் போட முடியாது என்பது தீர்ப்பு. பயணி போய்ச் சேரும் மாநிலத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கைது செய்யும் காவலர் அந்த நொடியிலேயே அறிந்திருக்க வேண்டும் என்று காங்கிரஸ் எதிர்பார்த்திருக்க முடியாது என்பது நீதிமன்றம் காட்டிய காரணங்களுள் ஒன்று. காவலரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம்தான். பயணியின் பக்கம் நின்று பார்த்தால், அவருடைய உரிமை கைதான பிறகு நீதிமன்றத்தில் சொல்லும் எதிர்வாதமாகவே சுருங்கிவிடுகிறது.

2013இல் மூன்றாம் வட்டார நீதிமன்றம் மேலும் ஒரு படி போனது. விதியில் உள்ள 'வாகனம்' என்ற சொல்லைப் பிடித்து, இந்தக் காப்பு வாகனத்தில் கொண்டு செல்வோருக்கு மட்டுமே. பெட்டியைக் கையில் பிடித்தபடி விமான நிலையத்துக்குள் நடப்பவருக்கு இல்லை என்றது. ஆக, இன்று இவ்விதி முழு வலுவோடு காப்பது டிக்கியில் ரைபிளை வைத்துவிட்டு நில்லாமல் ஓடும் காரைத்தான். எரிபொருள் நிரப்ப நிற்பது பயணத்தின் பகுதி என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. விடுதியில் தங்கினால், அதிலும் பெட்டியை அறைக்குள் எடுத்துச் சென்றால், நிலைமை வேறு.

மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கிக்கு ஒரு மாநிலம் தரும் அனுமதியைப் பிற மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதாவை 2017 டிசம்பர் 6 அன்று பிரதிநிதிகள் சபை 231க்கு 198 என்ற கணக்கில் நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பயணத்தின் நடுவே தங்குவதையும் காப்பில் சேர்க்க வேண்டும் என்று காங்கிரஸில் வந்த மசோதாக்களும் சட்டமாகவில்லை. 926ஏ பிரிவு 1986 ஜூலையில் எழுதப்பட்ட அதே வாசகத்தோடு நிற்கிறது.