நெற்றியிலிருந்து ஒரு மூக்கு

சைதாப்பேட்டையில் எங்கள் தெரு இளைஞர் ஒருவர் சாலை விபத்தில் மூக்கின் நுனியை இழந்தார். அறுவைக்குப் பின் வீடு திரும்பியபோது, அவருடைய நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு தோல் பட்டை காம்புபோல் இறங்கியிருந்தது. பிள்ளைகள் பயந்து ஒதுங்கினார்கள். "டாக்டர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்களா, சார்?" என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை. அந்தக் காம்பில்தான் இந்தச் சிகிச்சையின் உயிரே இருக்கிறது. அதன் வரலாறு நம் நாட்டு வரலாறு.

அவமானப்பட்டால் 'மூக்கறுபட்டேன்' என்கிறோம் அல்லவா? ஒரு காலத்தில் உண்மையாகவே மூக்கை அறுத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படைக்கும் மதுரைத் திருமலை நாயக்கரின் படைக்கும் நடந்த போருக்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர்.

1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்காக எருது ஓட்டிய காவஸ்ஜி என்ற மராத்தியர் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் துண்டிக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் வாழ்ந்த அவருக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு அமைத்தார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர்!

அவர் செய்த முறையைப் பாருங்கள். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்குப்போல் வளைத்து முகத்தில் பொருத்தினார். பிறகு அதைத் தட்டையாக்கி, நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிட்டார். தையற்காரர் காகிதத்தில் அளவு வெட்டிக்கொள்வதைப் போன்றதே இது. வளைந்த பரப்புக்கு எவ்வளவு தட்டைத் தோல் வேண்டும் என்ற கணக்கை மெழுகே சொல்லிவிடுகிறது.

கோட்டின்படி தோலை உரித்தார். ஆனால் இரு புருவங்களுக்கிடையே சிறு காம்பை மட்டும் வெட்டாமல் விட்டார். தோலைத் திருகிக் கீழே இறக்கி, மூக்கின் விளிம்பில் கீறிய பள்ளத்தில் செருகினார். காசுக்கட்டி தடவிய துணித்துண்டுகளை மேலே ஒட்டினார். ஏறக்குறைய 25-ஆம் நாள்தான் காம்பை வெட்டினார்.

ஏன் இத்தனை நாள்? பறித்த பூ வாடிவிடும். கொடியில் உள்ள பூ வாடாது. கண்ணின் உள்முனையருகே தொடங்கி நெற்றிக்கு ஏறும் இரத்தக் குழாய், அந்தக் காம்பின் வழியாகத் தோலுக்கு உணவூட்டுகிறது. இதற்கிடையில் புதிய இடத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் தோலுக்குள் வளர்கின்றன. அவை பொறுப்பேற்ற பிறகு காம்பு தேவையில்லை. முன்னதாக வெட்டினால் தோல் அழுகிவிடும்.

இதற்கும் வெகுகாலம் முன்பே சுசுருத சம்ஹிதை மூக்கு அமைக்கும் முறையைக் கூறியிருக்கிறது. ஆனால் அதில் தோல் எடுப்பது கன்னத்திலிருந்து. அளவுக்குப் பயன்படுவது இலை. நெற்றித் தோல் முறையோ பிற்காலத்தில் சில குடும்பங்களின் கைத்தொழிலாக வாழ்ந்தது.

பம்பாய் மாகாண ஆங்கில மருத்துவர்கள் இருவர் இச்சிகிச்சையை நேரில் கண்டனர். சென்னைச் செய்தித்தாளிலும் இது வெளிவந்தது. 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மென்ஸ் மேகசின்' காவஸ்ஜியின் படத்துடன் இதை வெளியிட்டது. அங்கு ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் பிணங்களின்மீது பயின்று பார்த்து, 1814-ல் ஓர் இராணுவ அதிகாரிக்கு இம்முறையில் மூக்கு அமைத்தார். 1816-ல் நூலும் எழுதினார். ஐரோப்பாவில் இதற்கு 'இந்திய முறை' என்று பெயர் வந்தது. விபத்திலோ புற்றுநோயிலோ மூக்கை இழந்தவர்களுக்கு, திருத்திய வடிவில் இன்றும் இது கைகொடுக்கிறது.

லண்டன் இதழில் வந்த அக்கடிதத்தில் நோயாளியின் பெயர் உண்டு. பார்த்த மருத்துவர்களின் பெயர்களும் உண்டு. செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. சாதியை எழுதினார்கள், பெயரைக் கேட்கவில்லை. எழுத்தில் பதியாத அறிவு எவ்வளவு எளிதாக உரிமையாளரை இழந்துவிடுகிறது!

மூன்று வாரம் கழித்து எங்கள் தெரு இளைஞருக்குக் காம்பை நீக்கினார்கள். பிள்ளைகள் மறுபடி அவரோடு பந்து விளையாடுகிறார்கள்.